கர்ப்பிணியும் போதைநோயும்: அமெரிக்கக் கருப்பினப் பெண்கள் சிகிச்சைக்கு வர ஏன் அஞ்சுகிறார்கள்?

பிரசவித்த மறுநாளே பச்சிளம் குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து அரசுப் பராமரிப்பில் வைத்தார்கள் என்று அமெரிக்கச் செய்திகளில் படிக்கிறோம். காரணம் ஒரே வரியில் முடிந்துவிடும்: தாயின் சிறுநீரில் போதைப்பொருள் இருந்தது. படிக்கிறவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. இது நோயா, குற்றமா? குழந்தையைக் காப்பாற்றத்தானே செய்கிறார்கள், இதில் என்ன தவறு? கருப்பினத் தாய்மார்களே ஏன் அதிகம் சிக்குகிறார்கள்?

இந்தக் கேள்விகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் விடை காண முடியும். சட்டம், பரிசோதனைக் கூடம், மருந்து, வரலாறு எல்லாம் இதில் பின்னிக் கிடக்கின்றன.

முதலில் சில சொற்கள்

"போதைக்கு அடிமை" என்று தமிழில் சட்டென்று சொல்லிவிடுகிறோம். அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் வழிவந்த பெண்களைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல் கூசுகிறது. மருத்துவத்திலும் அது சரியில்லை. விளைவு மோசம் என்று தெரிந்தும் நிறுத்த முடியாமல் போகும் நிலை ஒரு நீடித்த நோய். மதுவில் சிக்கியவரைக் "குடிநோயாளி" என்று சொல்லப் பழகியதுபோல, இதைப் போதைநோய் என்றே இக்கட்டுரை சொல்லும்.

ஓபியாய்டு என்பது ஹெராயின், ஃபென்டனில், மார்ஃபின், மருத்துவர் எழுதித்தரும் சில வலிநிவாரணிகள் அடங்கிய குடும்பம். விலகல் என்பது பழகிய பொருள் திடீரென்று நின்றதும் உடல் படும் பாடு: வியர்வை, நடுக்கம், வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை.

மெத்தடோன், புப்ரெனார்ஃபின் இரண்டும் ஓபியாய்டு நோய்க்கான மருந்துகள். மூளையில் ஓபியாய்டு போய் ஒட்டும் அதே இடங்களில் இவையும் ஒட்டுகின்றன. ஆனால் ஏற்ற இறக்கம் இல்லாமல் நீண்ட நேரம் நிற்பதால் விலகலும் ஏக்கமும் அடங்குகின்றன. "ஒரு போதையை விட்டு இன்னொரு போதை" என்று இவற்றைச் சொல்வது தவறு. அந்தத் தவறான பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்திய கர்ப்பிணிகள் மறுபடி தெருச்சரக்குக்கே திரும்பும் ஆபத்து மிக அதிகம்.

"கிராக் பேபி" என்ற கட்டுக்கதை

1985இல் கொகெய்ன் எடுத்த 23 கர்ப்பிணிகளைப் பற்றிய சிறிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. தொடக்கநிலை ஆய்வு அது. ஆனால் ஊடகங்கள் அதைப் பற்றிக்கொண்டு "கிராக் பேபி" என்ற பெயரைச் சூட்டின. கிராக் என்பது புகைக்கும் வடிவிலான கொகெய்ன். அன்று ஏழைக் கருப்பினக் குடியிருப்புகளோடு சேர்த்தே பேசப்பட்ட சரக்கு. ஒரு தலைமுறையே மூளை கெட்டுப் பிறக்கப்போகிறது என்று தொலைக்காட்சிகள் பயமுறுத்தின. 1986இல் வந்த சட்டம், 5 கிராம் கிராக்குக்கும் 500 கிராம் கொகெய்ன் பொடிக்கும் ஒரே 5 ஆண்டுக் குறைந்தபட்சத் தண்டனையை வைத்தது. பொருள் ஒன்றுதான், வடிவம்தான் வேறு.

அப்படியொரு தலைமுறை பிறக்கவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் ஹாலம் ஹர்ட் என்ற குழந்தை மருத்துவர் தலைமையிலான குழு 224 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து இருபது ஆண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்தது. ஏறக்குறைய பாதிப் பேர் கருவில் கொகெய்னுக்கு ஆளானவர்கள், மீதிப் பேர் ஆளாகாதவர்கள். இரு தரப்பும் ஏழைக் குடும்பங்கள், பெரும்பாலும் கருப்பினத்தவர். நான்கு வயதில் அறிவுத்திறன் சராசரி, கொகெய்னுக்கு ஆளான தரப்பில் 79, ஆளாகாத தரப்பில் ஏறத்தாழ 82. இரண்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. இரண்டுமே நாட்டுச் சராசரியைவிடக் குறைவு. ஏழு வயதில் கேட்டபோது 74 சதவீதக் குழந்தைகள் துப்பாக்கிச் சத்தம் கேட்டிருந்தார்கள், 35 சதவீதத்தினர் ஒருவர் சுடப்படுவதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். குழந்தைகளை அழுத்தியது வறுமையும் வன்முறையும் என்றுதான் அந்த ஆய்வு காட்டியது.

இதனால் கர்ப்பத்தில் கொகெய்ன் பாதுகாப்பானது என்று ஆகிவிடாது. ரத்தக் கொதிப்பு எகிறும், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரியலாம், குறைப்பிரசவம் நேரலாம். ஆனால் கருவின் மூளைக்கு உறுதியான, நிரந்தரக் கேடு செய்வதாக மிக நன்றாக நிறுவப்பட்ட போதைப்பொருள் மது. பிரசவ அறையில் மதுவைத் தேடிச் சோதிப்பது அரிது. எதைத் தேடுகிறோம் என்பதை அறிவியல் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ஒரே முடிவு, வேறு வேறு விளைவு

1. ஃபுளோரிடாவின் பினெலாஸ் கவுன்டியில் 715 கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்த ஆய்வு 1990இல் வெளிவந்தது. வெள்ளையினப் பெண்களில் 15.4 சதவீதம், கருப்பினப் பெண்களில் 14.1 சதவீதம் பேரிடம் போதைப்பொருளின் தடயம் இருந்தது. ஆனால் அதிகாரிகளுக்குப் புகார் செய்யப்பட்ட வாய்ப்பு கருப்பினப் பெண்களுக்கு ஏறக்குறைய பத்து மடங்கு.

2. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் அரசு மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவமனை 1989இல் காவல்துறையோடு சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கியது. கர்ப்பிணியின் சிறுநீரில் கொகெய்ன் இருந்தால் தகவல் நேரே காவல்துறைக்குப் போகும். கைதான 30 பெண்களில் 29 பேர் கருப்பினத்தவர். ஒப்புதல் இல்லாமல் இப்படிச் சட்டத்துக்குச் சாட்சி திரட்டுவது அரசியலமைப்புக்கு எதிரானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2001இல் 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

3. அதற்கிடையே 1997இல் தென் கரோலினாவின் உச்ச நீதிமன்றம், வெளியே பிழைக்கக்கூடிய வளர்ச்சியடைந்த கருவும் குழந்தைக் கொடுமைச் சட்டத்தின்படி "குழந்தை"தான் என்று சொல்லியிருந்தது. அலபாமாவில் 2006இல் வந்த ஒரு சட்டம் போதைமருந்து காய்ச்சும் வீடுகளில் குழந்தைகள் இருப்பதைத் தடுக்க இயற்றப்பட்டது. பின்னர் அது கர்ப்பிணிகள் மீதே பாய்ந்தது. டென்னசி மாநிலம் கர்ப்பிணிகளைத் தண்டிக்க 2014இல் தனிச்சட்டமே போட்டு, 2016இல் காலாவதியாக விட்டது.

கைது என்ற பேச்சு ஊரில் பரவியவுடன் நடப்பது ஒன்றுதான்: கர்ப்பிணிகள் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்துகிறார்கள். ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, குழந்தையின் வளர்ச்சி எதுவும் பார்க்கப்படாமல் கடைசி நேரத்தில் வலியோடு வந்து சேர்கிறார்கள். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி தண்டனை அணுகுமுறையை எதிர்ப்பதற்கு இதுதான் காரணம்.

பரிசோதனையில் தவறு நேரும் இடங்கள்

கேட்டறிதலும் பரிசோதனையும் வேறு வேறு. கேட்டறிதல் என்பது எல்லாக் கர்ப்பிணிகளிடமும் ஒரே கேள்விப் பட்டியலை, முதல் வருகையிலேயே, தனிமையில் கேட்பது. பெற்றோருக்குப் போதைப் பிரச்சினை இருந்ததா, துணைவருக்கு இருக்கிறதா, உங்களுக்கு முன்பு இருந்ததா, இந்தக் கர்ப்பத்தில் எடுத்தீர்களா என்ற நான்கு கேள்விகள் பல இடங்களில் வழக்கம். மகப்பேறு மருத்துவர் கல்லூரி பரிந்துரைப்பது இதைத்தான். சிறுநீர்ச் சோதனை பெண்ணிடம் சொல்லி, ஒப்புதல் பெற்றபின் செய்ய வேண்டியது.

"சந்தேகம் வந்தால் சோதிப்போம்" என்று விட்டுவிட்டால் யார் மேல் சந்தேகம் வரும் என்பதை முன்முடிவு தீர்மானிக்கிறது. தாமதமாக வந்தவர், துணைவர் இல்லாமல் வந்தவர், அரசுக் காப்பீட்டில் வந்தவர் என்ற அளவுகோல்கள் மேலுக்கு நடுநிலையாகத் தெரியும். போய் விழுவது ஏழைக் கருப்பினப் பெண் மேல்.

சோதனைக்கும் தன் வரம்புகள் உண்டு. பிரசவ வார்டில் கிடைக்கும் விரைவுச் சோதனை முதல்நிலை மட்டுமே. வேறு மருந்துகளையும் அது போதைப்பொருளாக எடுத்துக்கொள்ளும். கர்ப்பகால ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் லேபெடலால், ஆம்ஃபெடமின் இருப்பதுபோல் காட்டிவிடக்கூடும். கருப்பினப் பெண்களுக்குக் கர்ப்பகாலக் கொதிப்பு அதிகம் என்பதால் இந்தக் குழப்பம் அவர்களுக்கே அதிகம் நேரும். முதுகுத்தண்டு மயக்க ஊசியில் கலந்து மருத்துவமனையே கொடுத்த ஃபென்டனில் பிறகு சிறுநீரில் தெரியும். கசகசா சேர்த்த ரொட்டி மார்ஃபின் தடயம் காட்டும். மறுபக்கம், மார்ஃபின் வகையை மட்டும் தேடும் சாதாரண ஓபியேட் சோதனை தெருவில் விற்கும் ஃபென்டனிலைக் காட்டாது; அதற்குத் தனிச் சோதனை வேண்டும்.

அதனால் எந்த நேர்மறை முடிவையும், பொருளைத் துல்லியமாக அடையாளம் காணும் ஆய்வகக் கருவியான நிறை நிறமாலைமானி வழியாக உறுதிசெய்யாமல் ஏற்கக் கூடாது. அந்த முடிவு வரச் சில நாட்கள் ஆகும். ஆனால் புகார் அதற்கு முன்பே போய்விடுவதுண்டு. முடிவு உறுதியானாலும் அது சொல்வது ஒன்றே ஒன்று: அந்தப் பொருள் உடலில் இருந்தது. எவ்வளவு, எத்தனை முறை, நோய் அளவுக்கு முற்றியதா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்பது எதையும் சிறுநீர் சொல்லாது.

புகார் போனபின் ஓடும் கடிகாரம்

மத்தியச் சட்டம் சொல்வதையும் மாநிலங்கள் செய்வதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். போதைப்பொருளால் பாதிக்கப்பட்டுப் பிறந்த குழந்தை பற்றி மருத்துவமனை குழந்தைகள் நலத் துறைக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு மாநிலங்களில் இருக்க வேண்டும். கூடவே "பாதுகாப்பான பராமரிப்புத் திட்டம்" எழுதப்பட வேண்டும். அது தாயின் சிகிச்சைத் தேவையையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று 2016இல் திருத்தம் வந்தது. அப்படித் தெரிவிப்பது குழந்தைக் கொடுமை என்ற முடிவாகாது என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் சொந்தச் சட்டத்தில் கர்ப்பகாலப் போதையைக் குழந்தைக் கொடுமை என்றே வகைப்படுத்தியிருக்கின்றன.

குழந்தை அரசுப் பராமரிப்புக்குப் போய்விட்டால் 1997ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் தொடங்குகிறது. கடைசி 22 மாதங்களில் 15 மாதம் குழந்தை அங்கே இருந்துவிட்டால், பெற்றோரின் உரிமையை நிரந்தரமாக முடிக்கச் சில விதிவிலக்குகள் தவிர அரசு மனுப்போட வேண்டும். போதைநோயிலிருந்து மீள்வது ஏறியும் இறங்கியும் ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை. சிகிச்சை இல்லத்தில் இடத்துக்குக் காத்திருக்கும் மாதங்களும் அந்தப் பதினைந்தில் சேர்ந்துகொள்கின்றன.

2017இல் வந்த ஒரு மதிப்பீட்டின்படி, கருப்பினக் குழந்தைகளில் 53 சதவீதம் பேர் 18 வயதுக்குள் ஒருமுறையாவது குழந்தைகள் நலத் துறை விசாரணைக்கு உள்ளாகிறார்கள்; எல்லாக் குழந்தைகளையும் சேர்த்தால் 37 சதவீதம். அதாவது மருத்துவமனைக்கு வரும் கருப்பினப் பெண்ணுக்கு இந்தத் துறை புதிதல்ல. அக்காவின் பிள்ளையை, பக்கத்து வீட்டுப் பிள்ளையை, சில சமயம் தன்னையே அது கொண்டுபோனதைப் பார்த்தவர் அவர். "பயப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள்" என்ற வெறும் வார்த்தை அவரிடம் எடுபடாது.

மருந்து எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது

கர்ப்பிணிக்கு ஓபியாய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. விலகலின் வதை ஒருபுறம்; அதைவிடப் பெரிய ஆபத்து, நிறுத்தியபின் மறுபடி எடுப்பது. தாங்கும் திறன் குறைந்த உடலில் பழைய அளவு உயிரைக் குடிக்கும். அதனால் மெத்தடோனோ புப்ரெனார்ஃபினோ தொடர்ந்து கொடுப்பதே ஏற்கப்பட்ட சிகிச்சை.

மெத்தடோனில் நடக்கும் தவறு பெரும்பாலும் அளவில். கர்ப்பத்தில் ரத்தத்தின் கொள்ளளவு கூடுகிறது, கல்லீரல் மருந்தை வேகமாக உடைக்கிறது. கடைசி மூன்று மாதங்களில் காலையில் குடித்த மருந்து மாலைக்குள் வற்றிவிடும். பெண் வியர்வையோடு வந்து "போதவில்லை" என்கிறார். அதைப் போதை கேட்பதாக எடுத்துக்கொண்டு மறுப்பது தவறு; அளவைக் கூட்ட வேண்டும், அல்லது காலை மாலை என இரண்டாகப் பிரிக்க வேண்டும். கருப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிடும் பழக்கம் அமெரிக்க மருத்துவத்தில் ஆழமாக இருப்பதால், இந்த மறுப்பு அவர்களுக்கு இன்னும் எளிதாக நேர்கிறது.

புப்ரெனார்ஃபினில் தவறு தொடக்கத்தில். அது மூளையில் மற்ற ஓபியாய்டுகளைத் தள்ளிவிட்டு ஒட்டிக்கொள்ளும். உடலில் ஹெராயின் இன்னும் இருக்கும்போதே கொடுத்தால் கடும் விலகல் ஒரே வீச்சில் வரும். அதனால் கடைசியாக எடுத்து 12 முதல் 24 மணி நேரம் கழிந்து, மிதமான விலகல் தொடங்கியபின், 2 அல்லது 4 மில்லிகிராமில் ஆரம்பிப்பார்கள். ஃபென்டனில் கொழுப்பில் தேங்குவதால் இந்தக் கணக்கு தவறிப்போவதுண்டு. அப்போது மிகச் சிறு அளவில் தொடங்கிச் சில நாட்களில் படிப்படியாக ஏற்றும் முறை உதவுகிறது.

இரண்டில் எது மேல்? 2010இல் வெளிவந்த ஒப்பீட்டு ஆய்வில் புப்ரெனார்ஃபின் எடுத்த தாய்மாரின் குழந்தைகள் சராசரி 10 நாள் மருத்துவமனையில் இருந்தார்கள். மெத்தடோன் தரப்பில் 17.5 நாள். ஆனால் அந்த ஆய்வில் புப்ரெனார்ஃபின் தரப்பிலிருந்து பாதியில் விலகிய பெண்களும் அதிகம். மெத்தடோனில் நன்றாக இருப்பவரைக் கர்ப்பம் என்பதற்காக மாற்ற வேண்டியதில்லை.

ஆனால் இந்தத் தேர்வே பல கருப்பினப் பெண்களுக்குக் கிடைப்பதில்லை. மாசசூசெட்ஸில் 2011 முதல் 2015 வரை ஓபியாய்டு நோயோடு பிரசவித்த 5,000க்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்தபோது, வெள்ளையினப் பெண்களோடு ஒப்பிட்டால் கருப்பினப் பெண்கள் எந்த மருந்தையும் பெறும் வாய்ப்பு வெகுவாகக் குறைவு என்று தெரிந்தது. மெத்தடோன் நிலையங்கள் நகரத்து ஏழைப் பகுதிகளில் அமைந்தவை. வரிசையில் நின்று வாங்க வேண்டியவை. புப்ரெனார்ஃபினோ தனியார் மருத்துவர் எழுதிக்கொடுக்க, கடையில் வாங்கும் மருந்தாக வெள்ளையினப் புறநகர்களில் பரவியது. அதை எழுதத் தனி அனுமதி வேண்டும் என்ற விதி 2022 டிசம்பரில்தான் நீங்கியது. 2024 ஏப்ரல் முதல் மெத்தடோனையும் முதல் இரு வாரத்தில் 7 நாள் வரை, ஒரு மாதத்துக்குப்பின் 28 நாள் வரை வீட்டுக்குக் கொடுக்க மத்திய விதி இடம் தருகிறது. நிலையம் தர மனம் வைத்தால்தான்.

கொகெய்னுக்கு இப்படி ஒரு மருந்து இல்லை. அங்கே நன்றாகப் பலன் தருவது வெகுமதி முறை: சுத்தமான சோதனை ஒவ்வொன்றுக்கும் சிறு பரிசு அல்லது கடைச் சீட்டு, தொடர்ந்தால் மதிப்பு ஏறும். மதுவில் எச்சரிக்கை வேறு மாதிரி. நாள்தோறும் குடித்தவர் வீட்டில் தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். அது மருத்துவமனையில் நடக்க வேண்டியது.

பிறந்த குழந்தைக்கு முதல் மருந்து தாய்தான்

தாய் மெத்தடோனிலோ புப்ரெனார்ஃபினிலோ இருந்தால் குழந்தைக்கு விலகல் வரலாம். வீறிட்ட அழுகை, நடுக்கம், பால் குடிக்கத் திணறல் தெரியும். இது எதிர்பார்த்த, சிகிச்சைக்கு அடங்கும் நிலை. முன்பெல்லாம் மதிப்பெண் பட்டியல் போட்டு, தீவிரப் பிரிவில் வைத்து, மார்ஃபின் சொட்டுக் கொடுப்பார்கள். இப்போது கேட்பவை மூன்று: குழந்தை பால் குடிக்கிறதா, ஒரு மணி நேரமாவது தூங்குகிறதா, பத்து நிமிடத்துக்குள் சமாதானம் ஆகிறதா? ஆகாவிட்டால் இருட்டிய அமைதியான அறை, மார்போடு அணைப்பு, அடிக்கடி பால் என்று முதலில் பார்த்து, அதற்கும் அடங்காவிட்டால் மருந்து. 26 மருத்துவமனைகளில் நடந்து 2023இல் வந்த ஆய்வில் குழந்தைகள் வீடு திரும்பத் தயாராகும் காலம் 14.9 நாளிலிருந்து 8.2 நாளாகக் குறைந்தது. மருந்து தேவைப்பட்டவர்கள் 52 சதவீதத்திலிருந்து 19.5 சதவீதமாகக் குறைந்தார்கள்.

இந்த முறைக்குத் தாய் குழந்தையோடு ஒரே அறையில் இருக்க வேண்டும். தாயைப் பிரித்தால் சிகிச்சையையே பிரிக்கிறோம். மருந்தில் நிலையாக இருந்து வேறெதுவும் எடுக்காத தாய், கட்டுக்குள் வராத எச்ஐவி போன்ற தடைகள் இல்லாவிட்டால், தாய்ப்பால் தரலாம்; தருவது விலகலையும் தணிக்கும்.

ஆதரவு எப்படி அமைந்தால் பலிக்கிறது

1. எல்லாம் ஒரே கூரையில். பால்டிமோரில் 1991 முதல் இயங்கும் போதைநோய் மற்றும் கர்ப்ப மையம், மகப்பேறு, மனநலம், போதைச் சிகிச்சை, குழந்தை மருத்துவம் ஆகியவற்றை ஓரிடத்தில் சேர்த்தது. மூன்று பேருந்து மாறி நான்கு இடம் போக வேண்டியவர் இரண்டாவது வாரமே விட்டுவிடுவார்.

2. மூத்த பிள்ளைகளுக்கும் இடம். தங்கிச் சிகிச்சை பெறும் பல இல்லங்கள் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை, அல்லது வயது வரம்பு வைக்கின்றன. பிள்ளையை விட்டுவிட்டு வா என்றால் பெண் வர மாட்டார்.

3. முன்னுரிமையைக் கேட்டு வாங்குதல். மத்திய நிதி பெறும் சிகிச்சை நிலையங்கள் கர்ப்பிணிக்கு முதலிடம் தர வேண்டும். இடமில்லையென்றால் 48 மணி நேரத்துக்குள் இடைக்கால உதவியாவது கிடைக்க வேண்டும். இந்த விதி பலருக்குத் தெரியாது.

4. தன் ஊரைச் சேர்ந்த துணை. அதே நோயிலிருந்து மீண்ட ஒரு பெண்ணோ, டூலா எனப்படும் பேறுகாலத் துணையோ பிரசவ அறையில் கூட நின்றால், "இந்தச் சோதனைக்கு ஒப்புதல் கேட்டீர்களா?" என்று கேட்க ஒரு குரல் இருக்கும். கருப்பினச் சமூகத்தின் தேவாலயங்களும் பாட்டிமார்களும் இதில் வலுவான தூண்கள். ஆனால் "மருந்தையும் விட்டுவிடு" என்று சொல்லும் தேவாலயத்துக்கு மருந்தைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.

5. பராமரிப்புத் திட்டத்தைக் கர்ப்பத்திலேயே எழுதுதல். சுமார் 32 வாரத்துக்குள் மருந்தின் பெயர், அளவு, சிகிச்சையாளர் கடிதம், குழந்தை தூங்கும் ஏற்பாடு, அவசரத்தில் பிள்ளையைப் பார்க்கப்போகும் உறவினர் ஆகிய அனைத்தும் தாளில் இருந்தால், பிரசவத்தன்று விசாரிக்க வரும் அலுவலர் முன் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை.

6. தெரிவிப்பதையும் புகாரையும் பிரித்தல். கனெக்டிகட் 2019 முதல் பெயர் இல்லாமல் எண்ணிக்கையை மட்டும் தெரிவிக்கும் வழியை வைத்திருக்கிறது. கொடுமைக்கான அறிகுறி இருந்தால்தான் புகார். நியூ மெக்சிகோவும் அதே ஆண்டு இத்தகைய சட்டம் இயற்றியது. என் பார்வையில் மற்ற ஐந்தும் நிற்க இதுதான் அடித்தளம்.

பிரசவத்துக்குப் பிந்தைய ஓராண்டு

மாசசூசெட்ஸ் தரவுகளின்படி அளவுமீறிய போதை கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மிகக் குறைவு. பிரசவமாகி 7 முதல் 12 மாதத்தில் மிக அதிகம். எல்லாருடைய கவனமும் குழந்தை பிறந்ததும் தாயை விட்டு விலகுகிறது. தூக்கமின்மையும் மனச்சோர்வும் அப்போதுதான் ஏறுகின்றன. 2023இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவத்துக்குக் கருப்பினத் தாய்மார் மரணம் 50.3, வெள்ளையினத்தில் 14.5. அவர்களுக்கு இதயமும் ரத்தக் கொதிப்பும் பெரிய எதிரிகள் என்பதால் போதைச் சிகிச்சைக்கு வரும் இடத்திலேயே கொதிப்பும் பார்க்கப்பட வேண்டும்.

ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட் முன்பு கர்ப்பிணியாகச் சேர்ந்தவர்களுக்குப் பிரசவமாகி 60 நாளில் முடிந்துவிடும். 2021இல் வந்த சட்டத்தைப் பயன்படுத்தி ஏறக்குறைய எல்லா மாநிலங்களும் அதை 12 மாதமாக்கியிருக்கின்றன. கருப்பினப் பெண்களின் பிரசவங்களில் பாதிக்கும் மேல் இந்தக் காப்பீட்டில் நடப்பதால், காப்பீடு நின்றால் மருந்தும் நிற்கும். பதினோராவது மாதமே அடுத்த காப்பீட்டுக்கு மனுப்போட்டுவிட வேண்டும்.

ஆறாவது வாரப் பரிசோதனை வரை காத்திருக்காமல் முதல் இரண்டு வாரத்துக்குள் தாயைப் பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் ஏற்றிய மெத்தடோன் அளவு இப்போது சிலருக்கு அதிகமாகி மயக்கம் தரும். அசந்து தூங்கும் தாயின் கையில் குழந்தை இருப்பது ஆபத்து. அளவைக் குறைப்பதும் மயக்கம் தெரிந்தால்தான், நாள்காட்டி பார்த்து அல்ல. ஓபியாய்டு அளவு மீறி மூச்சு அடங்கினால் அதை மீட்கும் மருந்தான நலோக்சோன் மூக்குத் தெளிப்பானை வீட்டுக்கு அனுப்பும்போதே கையில் கொடுக்க வேண்டும். 4 மில்லிகிராம் தெளிப்பான் 2023 முதல் மருத்துவர் சீட்டில்லாமலே கடையில் கிடைக்கிறது. ஒரு மூக்குத்துளையில் ஒருமுறை. 2, 3 நிமிடத்தில் மூச்சு சீராகாவிட்டால் மறு துளையில் இன்னொன்று. முதல் தெளிப்புக்கு முன்போ உடனேயோ அவசர உதவி எண்ணான 911க்கு அழைப்பு. மூச்சு நின்றவர் தனக்குத்தானே அதைப் போட்டுக்கொள்ள முடியாது. ஆகவே தெளிப்பான் எந்த அலமாரியில் இருக்கிறது என்பது பாட்டிக்கோ தங்கைக்கோ தெரிந்திருக்க வேண்டும்.